பதினாறு கட்டங்களின் கதை



நம் பள்ளியில் படித்தவர்களில் சிலர் இன்று சின்னச் சின்னக் கருவிகளுக்குள் ஓடும் நிரல் எழுதும் வேலையில் இருக்கிறார்கள். கேமரா, மின்சார மீட்டர், மோட்டாரைத் தொலைவிலிருந்து போடும் பெட்டி, இப்படி இணையத்தோடு பேசும் கருவிகள். "சார், வந்த தகவல் எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொள்ள எத்தனை இலக்கம் ஒதுக்குவது என்பதிலேயே பாதி நாள் போகிறது" என்று ஒருவர் சொன்னார். இவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். இதற்கு நாற்பது ஆண்டுக்கு மேலான வரலாறு இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு இடமதிப்பு நினைவிருக்கிறதா? நான்கு கட்டம் போட்டால் 9,999 வரைதான். அதோடு ஒன்றைக் கூட்டினால் நான்கு கட்டத்திலும் பூச்சியம் நிற்கும், முன்னால் வரவேண்டிய 1-க்கு இடமில்லை. கணினிக்குக் கட்டத்துக்கு 0 அல்லது 1 மட்டும். அதுதான் பிட். 16 பிட்டில் 65,535 வரை எழுதலாம். 65,536 என்றால் மறுபடி பூச்சியம். நாம் தாளின் ஓரத்தில் 1 எழுதிச் சமாளிப்போம். கணினிக்கு ஓரம் கிடையாது.

1981 செப்டம்பரில் அமெரிக்காவில் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்.எஃப்.சி. 791 என்ற ஆவணம் வந்தது. இணையத்தில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும் என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்ற விதி அது. பொட்டலத்தின் மொத்த நீளத்துக்கு 16 பிட் ஒதுக்கினார்கள். கஞ்சத்தனம் இல்லை, தாராளம்தான். எல்லாக் கணினியும் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டிய அளவு என்று அதே ஆவணம் சொன்னது 576 பைட் மட்டுமே.

சிக்கல் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. பெரிய பொட்டலத்தைத் துண்டு போட்டு அனுப்பினால், இந்தத் துண்டு எந்த இடத்தில் ஒட்ட வேண்டியது என்ற குறிப்புக்கு 13 பிட்தான் மிஞ்சியது. அதனால் எட்டெட்டு பைட்டாக எண்ணினார்கள். 8,191 பெருக்கல் 8, ஆக 65,528. அந்தக் கடைசி இடத்தில் ஒரு துண்டை வைத்தால் 65,535-ஐத் தொட இன்னும் ஏழே பைட்தான் பாக்கி. ஆனால் துண்டின் நீளம் ஏழுக்குள் இருக்க வேண்டும் என்று கட்டங்கள் தடுக்கவில்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டு எண்ணும் சரி. கூட்டினால் தப்பு.

1996-இல் இது வெடித்தது. "இருக்கிறாயா?" என்று இன்னொரு கணினியைக் கேட்கும் பிங் என்ற சாதாரணக் கட்டளை உண்டு. விண்டோஸ் 95-இல் அதோடு 65,510 பைட் சேர்த்து அனுப்ப முடிந்தது. மேலுறைகள் 20-ம் 8-ம் சேர்ந்தால் 65,538. எல்லையைவிட மூன்றே மூன்று அதிகம். துண்டு துண்டாகப் போகும்போது யாருக்கும் உறுத்தவில்லை. மறுமுனையில் ஒட்டும்போதுதான் வினை. 65,535-க்கு மட்டும் இடம் வைத்திருந்த கணினியில் மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழிந்தது. கூட்டலையே 16 பிட்டில் போட்டால், விடை 2 என்று வரும்! விண்டோஸ், யூனிக்ஸ், மேக், ரவுட்டர், பிரிண்டர் வரை பல வகைக் கருவிகள் படுத்துக்கொண்டன. மரண பிங் என்று பெயரே வைத்துவிட்டார்கள். மருந்து என்னவோ ஒரு வரிதான்: ஒட்டுவதற்கு முன், இடத்தையும் நீளத்தையும் பெரிய கட்டத்தில் கூட்டி, 65,535-ஐத் தாண்டுகிறதா என்று பார்.

இதற்கு முந்தைய ஆண்டு, 1995 டிசம்பரில், ஐ.பி. 6-ஆம் பதிப்பின் விதி வெளிவந்திருந்தது. முகவரியை 32 பிட்டிலிருந்து 128 ஆக்கியவர்கள், நீளத்தை 16-லேயே விட்டார்கள். அது சரியென்றே எனக்குப் படுகிறது. ஈதர்நெட் கம்பியில் ஒரு தடவைக்கு 1,500 பைட்தான் போகிறது. பெரிய சுமைக்கென்று தனி வழியும் விதியிலேயே வைத்தார்கள்.

சின்னக் கருவிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சி மொழியில் 'இன்ட்' என்று எழுதினால் எத்தனை பிட் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். மேசைக் கணினியில் 32, பிள்ளைகள் விளையாடும் ஆர்டுவினோ ஊனோவில் 16. அதிலும் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். 40,000 என்ற நீளம் அங்கே கழித்தல் 25,536 ஆகிவிடும். "1,500-க்கு மேலா?" என்று சோதித்தால் "இல்லை" என்று உள்ளே விட்டுவிடும். குறியைப் பார்க்காமல் நகலெடுக்கும் அடுத்த வரிக்கோ அது மறுபடி 40,000. 16 என்றால் எங்கும் 16 பிட்தான் என்று பெயரிலேயே சொல்லும் வகைகள் 1999-இல்தான் சி மொழியின் தரத்தில் சேர்ந்தன.

எனக்குப் பிடித்த பகுதி சுவீடனில் நடந்தது. 2000-களின் தொடக்கத்தில், அங்குள்ள கணினி அறிவியல் நிறுவனத்தில் ஆடம் டங்கெல்ஸ் சிறு கருவிகளுக்கென எல்.டபிள்யூ.ஐ.பி. என்ற நிரலை எழுதினார். சில பத்துக் கிலோபைட் நினைவகம் போதும். பொட்டல நீளத்துக்கு 16 பிட், குறி கிடையாது. அந்த நிரலில் நினைவக அளவுக்கு ஒரு விதி இருக்கிறது: 64,000 வரை 16 பிட், அதைத் தாண்டினால் பெரிய வகை. ஏன் 65,535 வரை விடவில்லை? நினைவகத்தை வரிசைப்படுத்தும்போது அங்கங்கே சில பைட் சேரும், அதற்குத்தான். நல்ல தையல்காரர் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பாரே, அதேதான்.

எல்லோரும் அப்படித் தைக்கவில்லை. 2020 ஜூனில், ஜே.எஸ்.ஓ.எஃப். என்ற இஸ்ரேலிய நிறுவனம், டிரெக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இதே மாதிரியான சிறு நிரலில் 19 ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொன்னது. அவற்றில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று, பொட்டலம் சொல்லும் நீளமும் உண்மையில் வந்த நீளமும் ஒத்துப்போகாதபோது நடப்பது. அந்த நிரல் பிரிண்டரிலிருந்து மருத்துவமனையில் மருந்தேற்றும் பம்ப் வரை போயிருந்தது. திருத்திய பதிப்பு வந்துவிட்டது. ஆனால் பல கருவிகளில், உள்ளே எந்த நிரல் ஓடுகிறது என்பதே வாங்கியவருக்குத் தெரியாது.

இந்த வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள், உங்கள் கருவியில் நீளத்துக்கு எத்தனை பிட் வைத்திருக்கிறீர்கள், ஏன் என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.