பாக்குக் காட்டுக்குப் போட்ட பாலம்

எங்க ஊர்ல வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் பெய்தாலே கிணறு தளும்பும். மேகாலயாவில் காசி மலையிலுள்ள சோராவில் சராசரியே 11,000 மில்லிமீட்டருக்கு மேல். பள்ளிக்கூடத்தில் சிரபுஞ்சி என்று படித்தோமே, அதே ஊர்தான். போன வருஷம் ஆடியில் போயிருந்தேன். சம்சாரி புத்தி, முதலில் மண்ணைத்தான் பார்த்தேன். மேட்டில் மண்ணே இல்லை, பாறையும் புல்லும்தான். பெய்யுற மழையே மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விடுகிறது. மார்கழி, தையில் அங்கே குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைகிறார்களாம்!

அப்போ இந்த ஜனங்க எதை நம்பிப் பிழைச்சாங்க? பதில் தெற்குச் சரிவில் இருக்கு. நோங்கிரியாத் கிராமத்துக்கு மூவாயிரம் படிக்கு மேல் இறங்கணும். இறங்க இறங்கப் புழுக்கம் கூடும். பாக்கு மரம், அதில் ஏறிய வெற்றிலைக் கொடி, பலா, பிரிஞ்சி இலை மரம் என்று ஒரே தோப்பு. நாம் போட்டோ எடுத்துக்கொள்கிற வேர்ப்பாலங்கள் இந்தத் தோப்புகளுக்கும் சந்தைக்கும் போக வரப் போட்ட பாதைதான். மூங்கில் பாலம் அந்த ஈரத்தில் சில வருஷத்தில் உளுத்துப்போகும். அதனால் ஆற்றங்கரை ரப்பர் ஆலமரத்தின் இளவேரை, குடைந்த பாக்குமரத் தண்டுக்குள் விட்டு அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஆள் நடக்கிற அளவுக்கு இறுக 15, 20 வருஷம் ஆகும். ஆரம்பித்தவர் அதில் மூட்டை சுமந்தாரோ என்னவோ.

மூட்டைகள் போனது கீழே சமவெளியில் இருக்கும் சில்ஹெட் பக்கத்துச் சந்தைகளுக்கு. பாக்கு, வெற்றிலை, ஆரஞ்சு இறங்கும்; அரிசி, கருவாடு ஏறும். சுண்ணாம்புக் கல்லும் இறங்கியது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சில்ஹெட்டில் இருந்த கம்பெனி அதிகாரி ராபர்ட் லிண்ட்சே அந்தச் சுண்ணாம்பு வியாபாரத்தில்தான் பணம் பார்த்தார். அடுத்து, அசாமையும் சில்ஹெட்டையும் இணைக்க மலை வழியே ரோடு கேட்டது கம்பெனி. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று புரிந்துகொண்ட நோங்கலாவ் தலைவர் திரோத் சிங் 1829-இல் சண்டையைத் தொடங்கினார். நாலு மழைக்காலம் தாக்குப்பிடித்து 1833-இல் பிடிகொடுத்தார். 1835-இல் டாக்காவில் காவலிலேயே செத்தார்.

ஆனா, தோப்புக்காரன் வயிற்றில் நேராக விழுந்த அடி 1947-தான். சில்ஹெட்டின் பெரும்பகுதி கிழக்கு பாகிஸ்தானுக்குப் போனது. மலையடிவாரத்திலேயே எல்லைக்கோடு. நேற்றுவரை நடந்துபோய் விற்ற சந்தை வேற நாடு. தோப்பு இருக்கு, காய் இருக்கு, வாங்குறவன் கோட்டுக்கு அந்தப் பக்கம். இனி சுமையைச் செங்குத்தாக மேலே தூக்கி, வேற ஊர் வியாபாரியைத் தேடணும். விளைஞ்சும் விற்க முடியாத வலி நமக்குத் தெரியும்ல? 2011-க்குப் பிறகு எல்லையில் சில இடங்களில் வாரச்சந்தை திறந்திருக்கிறார்கள். அறுபது வருஷம் கழித்து!

நோங்கிரியாத்தில் ஒரு பாட்டி, பேச்சு புரியாவிட்டாலும், உட்காரச் சொல்லி முதலில் நீட்டியது குவாய்தான். பச்சைப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. வந்தவருக்குக் குவாய் கொடுக்காத வீடு கிடையாது. செத்தவரைக்கூட, கடவுள் வாசலில் குவாய் சாப்பிடுகிறார் என்றுதான் சொல்வார்கள். நம்ம ஊர்க் காய்ந்த பாக்கு என்று நினைத்து மொத்தத்தையும் மென்றுவிட்டேன். அந்த மழையிலும் குப்பென்று வேர்த்துத் தலை சுற்றியது. பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.