'தானாக' என்றொரு சொல்: தோல், கூழ், வரலாறு

அறிவியல் வரலாறு எழுதுகிறவர்களுக்கு 'தானாக' என்ற சொல் ரொம்ப வசதி. தமிழ் எம்.ஏ. படித்த நான் பெப்டைடுகளின் கதைக்குள் நுழைந்ததே இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான்.

ஈஸ்ட் புரதமொன்றில் கண்டெடுத்த, 16 அமினோ அமிலங்களாலான பெப்டைடு ஒன்று உப்புநீரில் தானாகவே கூடிச் சவ்வாவதை 1993-ல் ஷுகுவாங் ஜாங் குழுவினர் வெளியிட்டார்கள். அச்சு வேண்டாம், பசை வேண்டாம். எதிரெதிர் மின்னேற்றங்களும் ஹைட்ரஜன் பிணைப்புகளும் போதும். இத்தகைய பெப்டைடுகள் இழையாகப் பின்னி, ஏறக்குறைய முழுக்க நீராலான கூழாக நிற்கின்றன. ரத்தப்போக்கை நிறுத்தவும், செல்களை வளர்க்கவும் இன்று இவை உதவுகின்றன. 2011-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்கெரிங்க் குழுவினர், கொலாஜனைப் போலவே மூன்று மூன்றாக முறுக்கிக்கொண்டு கூழாகும் பெப்டைடைச் செய்தார்கள்.

அந்த மூவிழை முறுக்கை முதலில் சொன்னது மெட்ராஸ். 1952-ல் இங்கு வந்த பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்றார். ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாரை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் விடை எழுதினார்கள். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று ரிச்சும் கிரிக்கும் மறுத்தார்கள். எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற அந்தச் சண்டையின் தொடர்ச்சியாகவே 1963-ல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரின் வரைபடம் வந்தது. புரதத்தின் வடிவத்தைப் பேசுகிற எவரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

மேதை, மேதைக்கு எதிர்மேதை. கதையாடல் இங்கே முடிந்துவிடுகிறது. சரி, மெட்ராஸில் ஏன் கொலாஜன்? பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அது ஏன் அங்கே? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்புகள் இருந்தன. அங்கே சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் இறங்கி நின்ற கால்களில் பெரும்பாலானவை தலித்துகளுடையவை. பட்டைச் சாறு கொலாஜனைப் பிடித்துக்கொள்வதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது.

தச்சர்கள் காய்ச்சிய வஜ்ஜிரமும் கொலாஜன்தான். சூட்டில் முறுக்கு அவிழ்ந்து உருகும். ஆறும்போது இழைகள் அரைகுறையாக மறுபடி முறுக்கிக்கொண்டு கூழாக உறையும். எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் சாவு வீட்டில் பறையைத் தீயில் காட்டுகிறவர், தோலிலிருந்து ஈரத்தை விரட்டி விறைப்பேற்றுகிறார். நீருக்கும் இழைக்குமுள்ள உறவைக் காதால் அளக்கிறார்.

'எல்லாம் நம்மவர்களுக்கு முன்பே தெரியும்' என்று இதை வாசிக்க வேண்டாம். அது வேறொரு புராணம். பறைக்காரருக்கு மூவிழை முறுக்கு தெரியாது. ராமச்சந்திரன் கண்டது கண்டதுதான். என் கேள்வி தீட்டைப் பற்றியது. தோல் ஆராய்ச்சி நிலையம் பின்னாளில் தீப்புண்ணுக்கான கொலாஜன் படலங்களை உருவாக்கியது. ஆஸ்பத்திரியில் எவர் உடம்பிலும் ஒட்டுகிற அதே பொருள், சேரியில் உரிக்கப்படும்போது மட்டும் அசுத்தம். பொருள் மாறவில்லை, தொடுகிற கை மாறியிருக்கிறது.

மூலக்கூறுகள் தானாகக் கூடலாம். அறிவு அப்படிக் கூடியதில்லை. யாரோ உரித்தார்கள், ஊறவைத்தார்கள், அதற்காகவே ஊருக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். தமிழில் அறிவியல் வரலாறு எழுதுவதென்றால், 'தானாக' என்று வருமிடமெல்லாம் நிறுத்தி, 'யாரால்?' என்று கேட்டாக வேண்டும்.