மெய்ந்நிகர் உலகும் மெய்யும்

'மெய்' என்னும் சொல்லுக்கு நம் தமிழில் உண்மை என்றும் உடல் என்றும் இரு பொருள் உண்டு. கருவியொன்றைத் தலையில் அணிந்து, இல்லாத உலகை இருப்பதாகவே காணும் நிலைக்கு இக்காலத்தார் 'மெய்ந்நிகர்' என்று பெயரிட்டனர். பெயரிட்டோர் உண்மை என்னும் பொருளையே கருதினர் போலும். ஆனால் இத்தகைய உலகைப் பற்றி மேனாட்டார் நூறாண்டுக்கு மேலாக எழுதிவரும் கதைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவை ஓயாமல் எழுப்பும் வினா மற்றப் பொருளைப் பற்றியதே ஆகும். உள்ளம் மாய உலகில் உலவும்போது உடல் என்னாகிறது? அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கருவிக்கு முந்திய கதை

1909ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் 'இயந்திரம் நின்றுவிடுகிறது' என்று பொருள்படும் கதையை வெளியிட்டார். அதில் மாந்தர் நிலத்தடியில் தனித்தனி அறைகளில் வாழ்கின்றனர். முகம் காண்பதும் உரையாடுவதும் இயந்திரத்தின் வழியே. ஒருவரையொருவர் தொடுவதையே அநாகரிகமாகக் கருதுகின்றனர். வஷ்டி என்னும் தாய்க்கு இதில் குறையொன்றும் தோன்றவில்லை. மகன் குனோவோ தாயை நேரில் காண விழைகிறான். இயந்திரம் நின்று உலகே அழியும் வேளையில்தான் இருவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொள்கின்றனர்.

1935ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்டான்லி வைன்பாம் 'பிக்மேலியனின் மூக்குக்கண்ணாடி' என்னும் கதையை எழுதினார். கண்ணாடியை அணிந்த இளைஞன் காட்சியோடு சுவை, மணம், தொடுவுணர்வு ஆகியவற்றையும் பெறுகிறான். அங்குள்ள நங்கை அவன் பேச்சுக்கு மறுமொழியும் தருகிறாள். கனவு கலைந்தபின் அவளை எண்ணி ஏங்குகிறான். அவ்வேடத்தில் நடித்தவள், கண்ணாடியை அமைத்த பேராசிரியரின் உறவுப் பெண்ணே என்று முடிவில் தெரிகிறது. நிழலால் மயக்கிய கதை, ஆறுதலுக்கு உயிருள்ள பெண்ணையே நாடியது கருதத்தக்கது.

சிங்கம் வந்த அறை

1950ஆம் ஆண்டு, தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளில் விரைந்து புகுந்துகொண்டிருந்த காலம். அவ்வாண்டில் ரே பிராட்பரி எழுதிய 'புல்வெளி' என்னும் கதை நம் ஆசிரியர்கள் தவறாது படிக்க வேண்டியது. பிள்ளைகள் நினைத்ததைச் சுவர்களில் உருவாக்கிக் காட்டும் விளையாட்டறை ஒன்று. அவர்கள் நினைப்பதோ ஆப்பிரிக்கப் புல்வெளியும் பசித்த சிங்கங்களும். பெற்றோர் அறையை மூட முற்படவே, பிள்ளைகள் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகின்றனர். சிங்கங்கள் நிழலாக நின்றுவிடவில்லை. இங்கே குற்றவாளி அறை மட்டுமன்று. தாய் தந்தையர் தம் கடமையை அறையிடம் ஒப்படைத்தனர் என்பதே கதையின் குற்றச்சாட்டு.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1965இல் கணிப்பொறி அறிஞர் ஐவன் சதர்லாண்ட், பொருள்களையே தோற்றுவிக்கும் அறை ஒன்றைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். அங்குத் தோன்றும் நாற்காலியில் அமரலாம். தோன்றும் துப்பாக்கிக் குண்டு உயிரையும் கொல்லும். ஆனால் 1968இல் அவர் உண்மையில் செய்துகாட்டிய தலைக்கருவியோ, பளுவின் மிகுதியால் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. கற்பனைக்கு எல்லையில்லை, கழுத்துக்கு எல்லை உண்டு.

அவதாரம் என்னும் சொல்

1984இல் வில்லியம் கிப்சன் எழுதிய 'நியூரோமான்சர்' நாவலின் நாயகன், கணிப்பொறி வலையினுள் உள்ளத்தால் புகும் திருடன். அவன் உடலை வெறும் இறைச்சி என்று இகழ்கிறான். வருங்காலத்தைத் தீட்டிய அந்நூலை ஆசிரியர் பழைய தட்டச்சுப்பொறியில் எழுதினார் என்பது சுவையான செய்தி.

1992இல் நீல் ஸ்டீவன்சன் 'ஸ்னோ கிராஷ்' நாவலில் 'மெட்டாவெர்ஸ்' என்ற சொல்லைப் படைத்தார். அவ்வுலகில் மனிதன் பூணும் உருவுக்கு 'அவதார்' என்னும் பெயர் பரவியதும் பெரிதும் அந்நூலாலேதான். நாம் அறிந்த அவதாரம், இறைவன் மேலிருந்து இறங்கி மண்ணுலகில் உடல் எடுப்பது. இங்கோ மனிதன் மண்ணையும் உடலையும் விட்டு நிழலுக்குள் ஏறுகிறான். சொல் ஒன்று, திசை வேறு. அக்கதையின் நாயகன் நிழலுலகில் பெரும் வாள்வீரன். நனவுலகில் சரக்குக் கிடங்கின் ஓர் அறையில் குடியிருப்பவன். 2021இல் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை 'மெட்டா' என மாற்றிக்கொண்டபோது, கதையின் சொல்லை எடுத்துக்கொண்டது. கதையின் எச்சரிக்கையை எடுத்துக்கொண்டதா என்பதே கேள்வி.

எர்னஸ்ட் கிளைன் 2011இல் எழுதிய 'ரெடி பிளேயர் ஒன்' 2018இல் திரைப்படமாயிற்று. படத்தின் முடிவில் மாய உலகம் வாரத்தில் இரண்டு நாள் மூடப்படுகிறது. உடலுக்கும் உறவுக்கும் ஒதுக்கிய நாள்கள் அவை.

ஆசிரியர் கடமை

இக்கதைகள் ஒருதலையானவை என்பதையும் மறைக்கலாகாது. இக்கருவி இன்று மருத்துவப் பயிற்சிக்கும் கல்விக்கும் துணைசெய்கிறது. கதைகள் இந்நன்மையை அரிதாகவே பேசுகின்றன. அச்சமும் ஆசையுமே கதையை விரைந்து நடத்துவன அல்லவா? எனவே கருவியை விலக்குக என்பது நம் கருத்தன்று. மாணவர் கையில் கருவியைத் தருமுன் இக்கதைகளில் ஒன்றைத் தருக. படித்து முடித்தபின் ஒரே வினாவைக் கேட்க: அந்த உலகில் பசித்தால் யார் சோறிடுவார்? அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன், மெய் என்னும் சொல்லின் இரு பொருளையும் சேர்த்தே கற்றவனாவான்.