திரையும் அரங்கும்: 'செவ்வயலின்' இசை பற்றிய ஓர் ஆய்வு

திரைப்படத்துக்கென வகுக்கப்படும் இசை கதைக்கு ஏவல் செய்யும் இசையே. அரங்கில் தனித்து நிற்கும் ஆற்றல் அதற்கு இல்லை என்னும் கருத்து மேனாட்டுச் சங்கீத உலகில் நெடுங்காலம் நிலவி வந்தது. அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வார்க்குத் தக்கதொரு சான்று, 'த ரெட் வயலின்', அஃதாவது 'செவ்வயலின்', என்னும் படத்தின் இசையாகும். கனடிய நெறியாளர் பிரான்சுவா ஜிறார் ஆக்கிய இப்படம் 1998 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இசை வகுத்தவர் அமெரிக்கராகிய ஜோன் கொறிலியானோ; தனி வயலின் வாசித்தவர் ஜொஷுவா பெல்.

இவ்விசையின் வரலாற்று இடத்தை உணர்தற்கு, அரை நூற்றாண்டு முந்திய நிகழ்ச்சியொன்றை முதற்கண் நோக்குதல் வேண்டும். இளமையிலேயே வியன்னாவில் பெரும்புகழ் ஈட்டிய எரிக் வொல்ப்காங் கோர்ன்கோல்ட் 1934 இல் ஹொலிவூட் சென்று திரையிசை வகுக்கலானார். அவர் யூதர். 1938 இல் ஹிட்லர் ஒஸ்திரியாவைக் கைப்பற்றவே, தாயகம் மீளும் வழி அடைபட்டது. ஹிட்லர் வீழுங்காறும் அரங்கிசை ஆக்குவதில்லை என அவர் உறுதி பூண்டார். போர் முடிவுற்ற 1945 இல் அவர் நிறைவு செய்த வயலின் கொன்செற்றோ, தாம் நான்கு படங்களுக்கு வகுத்த இசைக் கருக்களைக் கொண்டே அமைந்தது. தனி வாத்தியமும் பெரும் வாத்தியக்குழுவும் ஒன்றையொன்று எதிர்கொண்டு இசைக்கும் உருப்படியே கொன்செற்றோ எனப்படும். 1947 பெப்ரவரி 15 இல் சென் லூயி நகரில் ஜஷா ஹைபெற்ஸ் அதனை அரங்கேற்றினார். கேட்டோர் மகிழ்ந்தனர், நியூயோர்க் விமரிசகரோ அதனை எள்ளினர். 1957 இல் காலமான கோர்ன்கோல்ட், அப்படைப்பு உலக அரங்குகளில் நிலைபெற்றதைக் காணும் பேறு பெற்றாரல்லர்.

இனிச் செவ்வயலினுக்கு வருவோம். அதன் கதை கற்பனையே. 1681 ஆம் ஆண்டில், இத்தாலியின் கிறெமோனா நகரில் வயலின் வினைஞன் ஒருவன் பிறக்கவிருக்கும் தன் மகவுக்கென ஒரு வயலினைச் செய்கின்றான். மகப்பேற்றில் மனைவி அன்னாவும் மகவும் இறந்துபட, அவளது குருதியை மெருகெண்ணெயிற் கலந்து வாத்தியத்துக்குப் பூசுகின்றான். அச்செந்நிற வயலின் ஒஸ்திரிய மடாலயத்து அநாதைச் சிறுவன், ஒக்ஸ்போட்டுப் பெருங்கலைஞன் ஆகியோர் கைகளிற் பயின்று, சீனத்தை அடைகின்றது. அங்கே கலாசாரப் புரட்சியின்போது மேனாட்டு வாத்தியங்கள் பகையெனக் கருதப்பட, மறைத்துக் காக்கப்படுகின்றது. ஈற்றில் மொன்றியால் நகரில் ஏலத்துக்கு வருகின்றது.

மூன்று நூற்றாண்டுகளும் பல நாடுகளும் விரவிய இக்கதையைச் சிதறாது பிணிப்பது யாது? இசையே. படத்தின் தொடக்கத்தில் அன்னா தன் வயிற்று மகவை எண்ணி மெல்ல முனகும் மெட்டொன்று உண்டு. அவள் இறந்தபின் அம்மெட்டு வயலினுக்குரியதாகின்றது. அதன் அடியில் ஏழு சுரக்கூட்டுகள் கொண்ட வரிசையொன்றைக் கொறிலியானோ அமைத்தார். இவ்வாறு ஒரே சுரக்கூட்டு வரிசையை மீட்டும் மீட்டும் நிறுத்தி, அதன்மேற் பல்வேறு கோலங்களைக் கட்டும் முறை 'சக்கோன்' எனப்படும். 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிற் பெருவழக்குற்றது இம்முறை. நம் சங்கீதத்தில் ஒரே அடியை வித்துவான் நிரவல் செய்து புதுப்புது வடிவம் காட்டுவதை இதற்கு ஒருபுடை ஒப்பாகக் கூறலாம். சிறுவனின் பயிற்சி உருப்படியும் ஒக்ஸ்போட்டுக் கலைஞனின் ஆவேச வாசிப்பும் காலத்துக்கேற்ற பாணியில் ஒலிப்பினும், மூலம் ஒன்றே.

பிறிதொரு சிறப்பும் உண்டு. திரையிசை பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்தபின் காட்சியின் நீளத்துக்கு அளந்து வெட்டப்படுவது. இப்படத்திலோ நடிகர் வயலின் வாசிப்போராகத் தோன்றவேண்டியிருந்தமையால், அவ்வாசிப்புக்குரிய பகுதிகள் முன்னரே இயற்றப்பட்டன. மேலும், இக்கருக்களைக் கொண்டு கொறிலியானோ ஆக்கிய சக்கோன் உருப்படி, படம் வெளிவருமுன் 1997 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அரங்கேறிவிட்டது. வாசித்தவர் பெல் அவர்களே. 2000 ஆம் ஆண்டில் இப்படத்தின் இசைக்கு ஒஸ்கார் பரிசு கிட்டியது.

ஆயினும் கொறிலியானோ அத்துடன் அமைந்தாரல்லர். அவருடைய தந்தையார், அதே பெயர் பூண்டவர், 1943 முதல் 1966 வரை நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவின் முதல் வயலின் கலைஞராய் விளங்கியவர். இல்லத்தில் நாளும் வயலின் ஒலி கேட்டு வளர்ந்த மைந்தர், தந்தையார் 1975 இல் மறைந்தபின்னும் அவ்வொலியை மறந்திலர். சக்கோனை முதற் பகுதியாக வைத்து, மேலும் மூன்று பகுதிகள் சேர்த்து முழுக் கொன்செற்றோ ஒன்றை இயற்றித் தந்தையின் நினைவுக்குப் படைத்தார். 2003 செப்ரெம்பரில் மறின் ஆல்சொப் நெறிப்படுத்த, பெல் அதனைப் பால்ரிமோரில் அரங்கேற்றினார். இறந்த துணைவியின் நினைவை வயலினில் ஏற்றிய கற்பனை வினைஞனின் கதை, இறந்த தந்தையின் நினைவைப் போற்றும் மெய்ப்படைப்பாயிற்று.

கோர்ன்கோல்ட் திரையிலிருந்து கருக்களை எடுத்து அரங்குக்குக் கொணர்ந்தார். கொறிலியானோ அரங்குக்குரிய கட்டுக்கோப்பைத் திரைக்குள்ளேயே கொண்டு சென்றார். முன்னவர் இகழப்பட்டார், பின்னவர் போற்றப்பட்டார். எனினும் இருவர் இசையும் இன்று அரங்கில் வாழ்வதற்குக் காரணம் ஒன்றே. காட்சி அகன்றபின்னும் தன் உள்ளமைதியால் நிற்க வல்ல இசை, எவ்விடத்துப் பிறப்பினும் இசையேயாம். ஓர் இசையின் குலத்தை வினவுவதை விடுத்து, அதன் குணத்தை ஆராய்தலே அறிஞர் கடன்.