கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போறீங்களா? கூண்டுக்குப் பின்னால இருக்கிற சட்டத்தையும் தெரிஞ்சுக்கோங்க!

லீவு விட்டதும் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிச்சு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பும் குடும்பங்களின் லிஸ்ட்டில் மெரினா, வண்டலூருடன் கிண்டி சிறுவர் பூங்காவும் இருக்கும். சுமார் 30 கோடி ரூபாய் செலவில் புதுப்பிக்கப்பட்ட இந்தப் பூங்காவை, 'சிறுவர் இயற்கைப் பூங்கா' என்ற பெயரில் 2024 ஆகஸ்ட்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார்.

பெயரில் 'சிறுவர்' இருப்பதால் ஊஞ்சல், சறுக்குமரம் உள்ள இடம் என்றுதான் பலரும் நினைக்கிறாங்க. ஆனா சட்டப்படி இது ஒரு உயிரியல் பூங்கா. வண்டலூருக்கு என்ன சட்டமோ, அதேதான் இதுக்கும்.

அந்தச் சட்டம் என்ன சொல்லுது?

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி 1992-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உருவானது. இந்த ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் யாரும் விலங்குகளை வைத்து காட்சிசாலை நடத்த முடியாது. இந்த விதி வந்த பிறகு, தரம் இல்லாத பல சின்ன மிருகக்காட்சி சாலைகள் நாடு முழுக்க மூடப்பட்டன. கம்பிக்கூண்டு, சிமென்ட் தரை, ஒரு தண்ணித் தொட்டி. அந்தக் காலம் முடிஞ்சுது.

அதனால உயிரியல் பூங்காவைப் புதுப்பிக்கிறது ஒரு கல்யாண மண்டபத்துக்கு பெயின்ட் அடிக்கிற மாதிரி கிடையாது. மாஸ்டர் பிளான் வேணும். எந்த விலங்குக்கு எவ்வளவு இடம்னு விதி இருக்கு. வெயிலுக்கு நிழல், மக்கள் கண்ணில் படாமல் ஒதுங்க ஒரு மறைவு, இரவில் தங்க தனி அறை எல்லாம் யோசிக்கணும். மேல சொன்னதில் 'மறைவு'தான் பார்வையாளர்களுக்குப் பிடிக்காத விஷயம். "காசு கொடுத்து வந்தோம், ஒண்ணுமே தெரியலையே" என்று முணுமுணுப்பாங்க. விலங்கு தெரியலைன்னா பெரும்பாலும் கூண்டு சரியா கட்டியிருக்காங்கன்னு அர்த்தம்!

மூடி வைக்கிறதும் விலங்குகளுக்காகத்தான். எல்லா உயிரியல் பூங்காக்களும் வாரத்தில் ஒரு நாள் மூடியே ஆகணும் என்பது விதி. கிண்டிக்கும் வண்டலூருக்கும் வழக்கமா அது செவ்வாய்க்கிழமை. மனிதர்களால் விலங்குகளுக்கு என்ன ஆகும் என்பதை 2021 ஜூன் காட்டியது. வண்டலூர் சிங்கங்களுக்கு கொரோனா பரவி, நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இரண்டே வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தன. ஆகஸ்ட் கடைசியில்தான் பூங்கா மீண்டும் திறந்தது.

கிண்டியில் இன்னொரு சிக்கல்

சிறுவர் பூங்காவை ஒட்டியிருப்பது 1978-ல் அறிவிக்கப்பட்ட கிண்டி தேசியப் பூங்கா. பரப்பு வெறும் 2.7 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய காடு. ஆளுநர் மாளிகை, ஐஐடி, நினைவிடங்கள் எனப் பிரிந்தது போக மிச்சம் இவ்வளவுதான். (நம்ம விருதுநகர்க்காரர் காமராஜரின் நினைவிடமும் இந்தக் கிண்டியில்தான்.) வெளிமானும் புள்ளிமானும் திரியும் காடு இது. ஐஐடி வளாகத்தில் இறந்த புள்ளிமான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் கிடைத்ததாக செய்திகள் வந்திருக்கு. நீங்க கையில் கொண்டுபோகும் சிப்ஸ் பாக்கெட் எங்கே போய் முடியும்னு இப்போ புரியும்.

விலங்குகளைச் சீண்டினாலோ, தீனி போட்டாலோ, சத்தம் போட்டு தொந்தரவு செய்தாலோ, குப்பை போட்டாலோ அது குற்றம். சட்டத்தின் 38ஜே பிரிவு இதைத் தெளிவா சொல்லுது. சிறைத்தண்டனை வரைக்கும் போகலாம். குழந்தை கையில் பிஸ்கட்டைக் கொடுத்து "மானுக்குப் போடு கண்ணு" என்று சொல்லும் பெரியவங்களுக்கும் சேர்த்துதான்.

நம்ம ஊரில் ஏன் ஒரு உயிரியல் பூங்கா இல்லை?

அடிக்கடி வரும் கேள்வி இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது அதற்கு நேர் எதிரானது. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021 பிப்ரவரியில் மேகமலையுடன் சேர்ந்து நாட்டின் 51-வது புலிகள் காப்பகமானது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கும் மேல். இங்கே விலங்குக்கு வேலி கிடையாது; கட்டுப்பாடு எல்லாம் நமக்குத்தான். புலிகள் காப்பகத்தின் மையப் பகுதிக்குள் புலி சஃபாரி அமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2024 மார்ச்சில் சொல்லியிருக்கு.

செண்பகத்தோப்புப் பக்கம் போனால் மரத்தின் உச்சியில் சாம்பல் நிற அணில் தாவுவது கண்ணில் படலாம், படாமலும் போகலாம். டிக்கெட் எடுத்துட்டோம்னு அது இறங்கி வராது.

சென்னை போறவங்களுக்கு ஒரு தகவல்: சிறுவர் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாம்புப் பண்ணைக்குத் தனி டிக்கெட். எழும்பூரில் இறங்கினால் மின்சார ரயிலிலேயே கிண்டி போயிடலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் கிளம்பிடாதீங்க.