ட்ரை ஐஸ் கிளீனிங்: கொடைக்கானல் குளிரில் கதவை அடைத்தால் என்ன ஆகும்? பாதுகாப்பாக இயக்குவது எப்படி?

தண்ணீர் கிடையாது, சோப்பு கிடையாது, மணலும் கிடையாது. அரிசி அளவு பனித்துண்டுகளைக் காற்றோடு சேர்த்துப் பீய்ச்சி அடித்தால் போதும், பல வருட எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் உரிந்து வந்துவிடும். கார் இன்ஜினைச் சுத்தம் செய்யும் வீடியோக்களில் பலரும் பார்த்திருக்கும் ட்ரை ஐஸ் பிளாஸ்டிங் இயந்திரம்தான் இது.

ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. அடிக்கும் பனி அத்தனையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவாக மாறி அதே அறையில்தான் தங்குகிறது. கொடைக்கானல் போன்ற மலை ஊரில் குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு இந்த இயந்திரத்தை இயக்கினால் உயிருக்கே ஆபத்து. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ட்ரை ஐஸ் என்றால் என்ன?

திட நிலையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடுதான் ட்ரை ஐஸ். தமிழில் உலர் பனிக்கட்டி. இதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். சாதாரண ஐஸ் போல உருகித் தண்ணீர் ஆகாது, நேரடியாக வாயுவாகிவிடும்.

பிளாஸ்டிங் இயந்திரத்தில் இந்தத் துண்டுகளைத் தொட்டியில் கொட்டுவார்கள். கம்ப்ரசரில் இருந்து வரும் காற்று அவற்றை ஹோஸ் வழியாக நாசிலுக்குத் தள்ளும். வேகமாக வந்து மோதும் துண்டு, அழுக்கைச் சட்டென்று குளிரவைத்துச் சுருங்கச் செய்கிறது. மோதிய நொடியில் துண்டு வாயுவாகி விரிவதால் அழுக்கு பெயர்ந்து விழுகிறது. ஈரம் மிச்சம் இருக்காது என்பதால் அச்சு இயந்திரம், பேக்கரி இயந்திரம், மோட்டார், டயர் அச்சு போன்றவற்றைச் சுத்தம் செய்ய உலகம் முழுக்க இதைப் பயன்படுத்துகிறார்கள்.

கொடைக்கானலில் ஏன் கூடுதல் கவனம்?

கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அழுத்தம் குறைந்தால் வாயு இன்னும் அதிகமாக விரியும். சென்னையில் ஒரு கிலோ ட்ரை ஐஸ் சுமார் 540 லிட்டர் வாயுவாகும் என்றால், கொடைக்கானலில் அது 700 லிட்டரை நெருங்கும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்து அடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 34,000 லிட்டர். இதில் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு ஆவதற்குச் சுமார் 2 கிலோ ட்ரை ஐஸே போதும். மணிக்கு 30 கிலோ செலவழிக்கும் இயந்திரம் 2 கிலோவை நான்கு நிமிடத்தில் தீர்த்துவிடும். கம்ப்ரசர் காற்றும் கூடவே வருவதால் அளவு ஏற இன்னும் சில நிமிடங்கள் ஆகலாம். ஆனாலும் அடைத்த அறையில் அதை நம்பி நிற்க முடியாது.

4 சதவீதம் என்பது சாதாரண அளவு இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் இந்த வாயு சுமார் 0.04 சதவீதம்தான். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்படும் வரம்பு 0.5 சதவீதம். 4 சதவீதத்தை 'உயிருக்கு உடனடி ஆபத்து' என்று அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகைப்படுத்தியிருக்கிறது. 10 சதவீதத்தைத் தொட்டால் சில நிமிடங்களில் மயக்கம் வரும்.

கரி அடுப்பு விபத்தும் இதுவும் ஒன்றா?

2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி அறை ஒன்றில் கரி அடுப்புப் புகையால் திருச்சி இளைஞர்கள் இருவர் தூக்கத்திலேயே உயிரிழந்தது பலருக்கும் நினைவிருக்கும். அங்கே ஆபத்தானது கார்பன் மோனாக்சைடு. ட்ரை ஐஸில் இருந்து வருவது கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் வேறு வேறு வாயு. ஆனால் காற்றோட்டம் இல்லாத அறைதான் இரண்டிலும் ஆபத்தை உயிரிழப்பு வரை கொண்டுபோகிறது.

ட்ரை ஐஸ் வாயுவும் உயிரைப் பறித்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் பிறந்தநாள் விருந்து ஒன்றில் புகை எஃபெக்ட் வரவேண்டும் என்று சுமார் 25 கிலோ ட்ரை ஐஸை உள்ளரங்க நீச்சல் குளத்தில் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்தார்கள்.

எந்த மீட்டர் வேண்டும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இதற்கு உதவாது. ஆக்சிஜன் மீட்டர் மட்டும் இருந்தாலும் போதாது. பொதுவாக ஆக்சிஜன் அலாரம் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அடிக்கும். அறையில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம் ஆகும்போதும் ஆக்சிஜன் சுமார் 20 சதவீதம் இருக்கும். அதாவது, ஆபத்து வந்த பிறகும் அலாரம் சத்தமே போடாது.

கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளக்கும் மீட்டர் கட்டாயம். இயக்குபவர் அதை நெஞ்சுப் பகுதியில் மாட்டிக்கொள்ள வேண்டும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தரையை ஒட்டித் தேங்கும். அதனால் தாழ்வான இடத்தில் இன்னொரு மீட்டர் வைப்பது நல்லது. குனிந்தோ முழங்காலிட்டோ வேலை செய்பவருக்குத்தான் ஆபத்து முதலில் வரும்.

மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் ரோடு மட்டத்துக்குக் கீழேயும் அறைகள் இருக்கும். மேலே அடிக்கும்போது வாயு படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கலாம். அங்கே யாரும் தூங்கவில்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கார் சர்வீஸ் செய்யும் குழிக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்யவே கூடாது.

இயக்கும் முன் செய்ய வேண்டியவை

* எதிரெதிர்ப் பக்கக் கதவு, ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். தரை மட்டத்தில் இருந்து காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் வேண்டும். முடிந்தால் வேலையைத் திறந்தவெளிக்கே மாற்றிவிடலாம்.
* டீசல் கம்ப்ரசரை அறைக்கு வெளியே வைக்க வேண்டும். அதன் புகை உள்ளே வந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.
* மலைக்காற்று அடர்த்தி குறைவு என்பதால் கம்ப்ரசர் தரும் காற்றும் குறையும். சமவெளியில் சரியாக ஓடிய கம்ப்ரசர் இங்கே திணறலாம். அதற்காக அனுமதித்த அளவைத் தாண்டி அழுத்தத்தை ஏற்றக் கூடாது.
* மூடுபனி நாட்களில் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் ஹோஸுக்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். கம்ப்ரசருடன் ஏர் டிரையர் வேண்டும். அடைத்துக்கொண்டால் காற்றை நிறுத்தி, அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிய பிறகுதான் நாசிலைக் கழற்ற வேண்டும்.
* இயந்திரத்தையும் சுத்தம் செய்யும் பொருளையும் எர்த் செய்ய வேண்டும். பனித்துண்டுகள் உரசுவதால் நிலைமின்சாரம் உருவாகும். பெட்ரோல், தின்னர் அருகில் இருந்தால் ஒரு பொறியே தீப்பற்ற வைத்துவிடும்.
* மின் பேனலைச் சுத்தம் செய்வதாக இருந்தால் மெயினை அணைத்த பிறகுதான் தொட வேண்டும். குளிர்ந்த பாகங்களில் ஈரம் படியும் என்பதால், நன்றாகக் காய்ந்த பிறகே மீண்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பழைய பங்களாவில் பயன்படுத்தலாமா?

அடிப்பது ட்ரை ஐஸ்தான் என்றாலும், பெயர்ந்து பறப்பது சுவரில் இருந்த பழைய பொருள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதிக்காமல் அடித்தால் அந்தத் தூசு வீடு முழுக்கப் பரவும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மீது இந்த இயந்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது. அதன் இழைகள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம்.

உடலில் என்ன அணிய வேண்டும்?

ட்ரை ஐஸை வெறும் கையால் தொட்டால் நொடிகளில் தோல் உறைந்து கொப்புளம் வரும். குளிரைத் தாங்கும் தளர்வான கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம், கண்ணாடி, ஷூ அவசியம். சத்தம் பெரும்பாலும் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் காதுமூடியும் போட வேண்டும். தூசுக்கு மாஸ்க் வேண்டும். ஆனால் என்95 மாஸ்க் வாயுவைத் தடுக்காது. இதை மறந்துவிடக் கூடாது.

நாசிலை விளையாட்டுக்குக்கூட யார் பக்கமும் திருப்பக் கூடாது. விசையை விட்டதும் தானாக நிற்கும் வசதி வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். விசையைக் கயிறு போட்டுக் கட்டி வைப்பது விபத்தை அழைப்பதற்குச் சமம்.

மலைக்கு எப்படிக் கொண்டு போவது?

வத்தலக்குண்டில் இருந்தோ பழனியில் இருந்தோ மலைப்பாதையில் ஏறும்போது காரின் கண்ணாடியை ஏற்றிவிடுவது பலருக்கும் பழக்கம். பின்சீட்டில் ட்ரை ஐஸ் பெட்டி இருந்தால் அதைச் செய்யவே கூடாது. காருக்குள் சுமார் 3,000 லிட்டர் காற்று இருக்கும். வெறும் 200 கிராம் ட்ரை ஐஸ் வாயுவானாலே அது 4 சதவீதத்தைத் தொடும். 2018-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐஸ்கிரீமுக்கான ட்ரை ஐஸ் பெட்டிகள் இருந்த காரில் பயணித்த பெண் ஒருவர் இப்படித்தான் உயிரிழந்தார்.

திறந்த பிக்கப் வண்டியில் ஏற்றுவதே நல்லது. வேறு வழியில்லாமல் காரில் வைத்தால் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், ஏசியில் ரீசர்குலேஷன் பட்டனை அழுத்தக் கூடாது. பெட்டியின் மூடியை இறுக்கமாக அடைக்கவும் கூடாது. வாயு வெளியேற வழி இல்லாத பெட்டியும் பாட்டிலும் ஃபிளாஸ்கும் வெடித்துவிடும்.

மிச்சமான ட்ரை ஐஸை என்ன செய்வது?

ஆள் நடமாட்டம் இல்லாத திறந்தவெளியில் வைத்தால் தானாகவே ஆவியாகிவிடும். சிங்க், கழிவறை, சாக்கடையில் கொட்டக் கூடாது. குழந்தைகள், செல்லப்பிராணிகள் கைக்கு எட்டும் இடத்திலும் வைக்கக் கூடாது. 2024 மார்ச்சில் குருகிராம் உணவகம் ஒன்றில் மவுத் ஃப்ரெஷ்னர் என்று ட்ரை ஐஸ் தரப்பட்டு, அதை வாயில் போட்ட ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்தார்கள். பார்க்கக் கற்கண்டு போல இருப்பதுதான் இதன் பெரிய சிக்கல்.

ஒருவர் மயங்கி விழுந்தால்?

தலைவலி, மூச்சு வாங்குவது, தலைசுற்றல், படபடப்பு ஆகியவைதான் முதல் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலே இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மேட்டில் ஏறிவந்த களைப்பு என்று நினைத்து அலட்சியப்படுத்தக் கூடாது.

தனி ஆளாக இந்த வேலையைச் செய்யக் கூடாது. இன்னொருவர் வெளியே நின்று கவனிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் விழுந்துவிட்டால் உடனே உள்ளே ஓடுவது தவறு. கழிவுநீர்த் தொட்டி விபத்துகளில் காப்பாற்றப் போனவர்களும் அடுத்தடுத்து விழுவது இப்படித்தான். காற்றை நிறுத்தி, கதவு ஜன்னல்களை வெளியில் இருந்தே திறந்துவிட்டு, 108-க்கும் தீயணைப்புத் துறையின் 101-க்கும் தகவல் சொல்ல வேண்டும். மீட்டர் பாதுகாப்பான அளவைக் காட்டினாலோ, சுவாசக் கருவி இருந்தாலோ மட்டுமே உள்ளே போகலாம்.

கதவைத் திறந்து வைக்கவே முடியாத அளவுக்குக் குளிரோ மழையோ இருந்தால், அன்றைக்கு அந்த வேலையைத் தள்ளிப்போடுவதே சரி.