நாள்பட்ட தூக்கமின்மை: உறக்கத்தில் இதயமும் மூளையும்

படுத்தும் தூக்கம் பிடிக்காமல் புரள்வது, நடுராத்திரியில் விழித்து மறுபடி உறங்க முடியாமல் தவிப்பது, விடியுமுன்பே விழிப்புத் தட்டுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வாரத்துக்குக் குறைந்தது 3 இரவுகள் என்ற கணக்கில் 3 மாதமாவது நீடித்து, பகல் வேலையையும் மனநிலையையும் கெடுத்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. உறங்க நேரமும் இடமும் இருந்தும் உறக்கம் வராததே இதன் அடையாளம். இரவுப்பணிக்காகவோ தேர்வுக்காகவோ கண்விழிப்பவர்கள் இதில் சேரமாட்டார்கள். அவர்களுக்கு மறுநாள் கண் சொக்கும். தூக்கமின்மை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, உடல் அசந்து கிடந்தாலும், மதியம் படுத்தால்கூடத் தூக்கம் வருவதில்லை.

இந்த முரணுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் ‘மிகைவிழிப்பு’. உடலும் மூளையும் 24 மணி நேரமும் தேவைக்கு மேல் முடுக்கிவிடப்பட்ட நிலை அது. அமெரிக்காவில் மைக்கேல் பானெட், டோனா அரண்ட் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. ஆக்சிஜன் பயன்பாட்டை அளந்தபோது, நன்றாகத் தூங்குபவர்களைவிட நோயாளிகளின் வளர்சிதை மாற்ற வேகம் இரவிலும் பகலிலும் கூடுதலாக இருந்தது. அடுத்து அவர்கள் செய்த சோதனை இன்னும் சுவையானது. ஆரோக்கியமானவர்களை, ஒரு நோயாளி எப்போதெல்லாம் விழிக்கிறாரோ அதே கணக்கில் ஒரு வாரம் எழுப்பிவிட்டார்கள். அவர்களுக்குத் தூக்கக் கலக்கம் வந்ததே தவிர, நோயாளிகளிடம் காணும் முடுக்கம் வரவில்லை. அதாவது, கெட்ட தூக்கத்தால் முடுக்கம் வருவதைவிட, முடுக்கத்தால் தூக்கம் கெடுகிறது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இயல்பான உறக்கம் ஆழமாகும்போது, உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலம் அடங்கி, இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி ஓங்கும். இதயத்துடிப்பு குறையும்; ரத்த அழுத்தம் பகல் அளவைவிட 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இறங்கும். கனவு மிகுந்த ரெம் உறக்கத்தில் மட்டும் துடிப்பு ஏறி இறங்கும். நாள்பட்ட தூக்கமின்மையில் இந்த இரவு ஓய்வு முழுமையடைவதில்லை. பகலில் ரத்தக்கொதிப்பு இல்லாத நோயாளிகளிடம்கூட இரவில் மேல் அழுத்தம் போதிய அளவு இறங்காததைக் கனடாவில் பாவ்லா லன்ஃப்ராங்கியின் குழு 2009இல் காட்டியது. மாலையிலும் முன்னிரவிலும் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் சுரப்பு கூடுவதையும் வேறு ஆய்வுகள் கண்டன. ஆனால், துடிப்புகளுக்கு இடையிலான நேர மாறுபாட்டை அளக்கும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் வேகஸ் செயல்பாடு குறைந்திருந்தது. சிலவற்றில் வேறுபாடே தெரியவில்லை. உண்மையில் குறைவாகத் தூங்குபவர்களையும், குறைவாகத் தூங்குவதாக உணர்பவர்களையும் ஒரே தட்டில் வைத்ததும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

அந்த ‘உணர்வு’ விஷயம்தான் மூளை ஆய்வுகளின் மையம். “ராத்திரி முழுக்கக் கண்ணே மூடவில்லை” என்பார் நோயாளி. ஆய்வகப் பதிவோ அவர் 6 மணி நேரம் தூங்கியதாகக் காட்டும். மிகைப்படுத்துகிறார் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட புகார் இது. மூளையின் மின்னலைப் பதிவை அலைவரிசை வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. ஆழ்உறக்கத்துக்குரிய மெதுவான டெல்டா அலைகளோடு, விழிப்பின்போது சிந்தனையிலும் கவனத்திலும் எழும் வேகமான பீட்டா அலைகள் நோயாளிகளிடம் கூடுதலாகக் கலந்திருந்தன. 2004இல் பிட்ஸ்பர்க்கில் எரிக் நோஃப்சிங்கர் குழு, மூளை குளுக்கோஸைப் பயன்படுத்துவதைப் பெட் ஸ்கேன் மூலம் படமெடுத்தது. விழிப்பிலிருந்து உறக்கத்துக்குப் போகும்போது அடங்க வேண்டிய ஹைப்போதலாமஸ், தலாமஸ் உள்ளிட்ட பகுதிகள் நோயாளிகளிடம் அந்த அளவுக்கு அடங்கவில்லை. சோதனைக்கு உட்பட்ட நோயாளிகள் 7 பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் நோயாளியின் புகார் வெறும் கற்பனையல்ல என்பதற்கு அது பலம் சேர்த்தது. ரெம் உறக்கமும் இவர்களுக்குத் துண்டு துண்டாகிறது. பகலின் மனக்காயங்கள் இரவில் ஆறாமல் மறுநாளுக்கும் தொடர்வதற்கு இதுவே காரணம் என்று ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதயமும் மூளையும் தனித்தனியே இயங்குவதில்லை. ஆரோக்கியமான உறக்கத்தில் இதயத்தின் மீதான வேகஸ் பிடி முதலில் மாறும். சில நிமிடங்கள் கழித்து டெல்டா அலைகள் அதைப் பின்தொடரும். நாள்பட்ட தூக்கமின்மையில் இந்தப் பிணைப்பு தளர்வதை பெல்ஜிய ஆய்வு ஒன்று 2009இல் காட்டியது. அதே சமயம், இதயம் முந்தி மூளை பிந்தும் வரிசை அதில் மாறவில்லை.

தூக்கமின்மையின் நீண்டகால விலை என்ன? நார்வேயில் சுமார் 52,600 பேரை 11 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய தினமும் தூக்கம் வரத் தாமதமானவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 45 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறது. தூக்கமின்மையே காரணம் என்று நிறுவவில்லை. மாரடைப்பு வந்துவிடுமோ என்ற பயமே இன்னோர் இரவைக் கெடுக்கும் என்பதால், இந்த எண்ணை நோயாளியிடம் சொல்வதில் நிதானம் வேண்டும்.

சிகிச்சையில் முதலிடம் மாத்திரைக்கு அல்ல. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதும், தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வந்துவிடுவதும் அதன் முக்கியக் கூறுகள். கைக்கடிகாரக் கருவிகளை நம்பி நோயை அளப்பது சரிவராது. அவை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்தே உறக்கத்தை ஊகிப்பதால், விழித்தபடி அசையாமல் படுத்திருக்கும் நோயாளியைத் தூங்குபவராகவே பெரும்பாலும் கணக்கிட்டுவிடும்.